ஆசிரியரின் குரல் எங்கே? ஜெர்மானியச் செலோப் பயிற்சிகளின் மறைவும் மீட்பும்



1824ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பதிப்பகம் ஒன்று, பக்கவாத்தியம் எதுவுமின்றிச் செலோ ஒன்றே தனித்து இசைப்பதற்கான ஆறு இசைத்தொகுதிகளை முதன்முதலாக அச்சிட்டது. 1720ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டு, ஒரு நூற்றாண்டுக் காலம் கையெழுத்துப் படிகளாகவே கைமாறி வந்தவை அவை. இயற்றியவர் ஜொஹான் செபாஸ்டியன் பாஹ். அந்நூலின் முகப்பில் 'ஆறு சொனாட்டாக்கள் அல்லது பயிற்சிகள்' என்று பொறிக்கப்பட்டிருந்தது. ஈராண்டுகள் கழித்து லைப்சிக் நகரில் வெளிவந்த பதிப்பும் 'ஆறு தனியிசைகள் அல்லது பயிற்சிகள்' என்றே தன்னை அறிமுகம் செய்துகொண்டது. 'அல்லது பயிற்சிகள்' என்னும் அந்தச் சிறு தொடர் செய்த வேலை பெரிது. உலகின் தலைசிறந்த இசைப் படைப்புகளுள் ஒன்று, மாணவர் விரல் பழகுவதற்கான ஏடு என்ற மதிப்பீட்டோடு பல பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டுக் கிடந்தது. 1890இல் பார்சலோனாவின் பழைய இசைநூற் கடை ஒன்றில் பாப்லோ காசல்ஸ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் அதன் ஒரு படியைக் கண்டெடுத்ததும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதனைப் பயின்ற பின்னரே மேடையில் வாசிக்கத் துணிந்ததும் பலரும் அறிந்த வரலாறு.

பாஹின் படைப்பையே மறைத்துவிடக்கூடிய ஒரு பெயர், அப்பெயரை விரும்பி ஏற்று எழுதியவர்களை என்ன செய்திருக்கும்? காசல்ஸ் கண்டெடுத்த கதையைச் சொல்வோர் பலர். இந்த இரண்டாம் வினாவைக் கேட்போர் சிலர். 19ஆம் நூற்றாண்டில், புனைவியற் காலம் என வழங்கும் அந்தக் காலப்பகுதியில், ஜெர்மானியச் செலோக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்த பயிற்சி உருப்படிகளைப் பற்றியது இவ்வுரை.

செலோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, அமர்ந்து வாசிக்கும் பெரிய கருவி. மனிதக் குரலுக்கு மிக நெருங்கியது என்று அதனைச் சொல்லுவர். திரைப்பாடல்களின் பின்னணியில் அதன் குரலைக் கேட்டு, பெயர் அறியாமலே நெகிழ்ந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். 'எட்யூட்' என்று மேலையோர் வழங்கும் பயிற்சி உருப்படிக்குத்தான் சரியான நிகர் கிடைப்பது அரிது. சரளி வரிசையும் அலங்காரமும் குரலுக்கும் விரலுக்கும் மட்டும் உரியவை. அவற்றை எவரும் அரங்கேற்றுவதில்லை. வர்ணமோ பயிற்சியாகவும் அரங்குக்கு உரிய உருப்படியாகவும் ஒருங்கே நிற்பது. எட்யூட் இவ்விரண்டுக்கும் இடையில் ஊசலாடும். சில சரளி வரிசையின் பக்கம் சாயும். சில வர்ணத்தையும் கடந்து கீர்த்தனையின் வாயிலில் போய் நிற்கும். எந்தச் சிக்கலைத் தீர்க்க அந்த உருப்படி எழுதப்பட்டதோ, அந்தச் சிக்கலிலிருந்தே அதன் அழகும் பிறக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்லும் பழக்கம் உள்ள அவையில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கட்டளை கடுமையாக இருந்ததாலேயே பிறந்த நல்ல பாடல்கள் உண்டென்பதைக் கவிஞர்கள் அறிவர்.

வயலினுக்கு 1820இல் வெளிவந்த பகனீனியின் 24 காப்ரிச்சியோக்களும், பியானோவுக்கு 1833இல் வெளிவந்த ஷோப்பானின் 12 எட்யூட்களும் இவ்வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன. இராபர்ட் ஷூமான் தம் இதழில் 1836ஆம் ஆண்டு பியானோ எட்யூட்களை அவற்றின் நோக்கப்படி வகைப்படுத்தி ஒரு பட்டியலே வெளியிட்டார். ஒரு பெருங்கவிஞன் யாப்பு நூல்களைத் தொகுத்து மதிப்பிடுவது போன்ற செயல் அது. செலோவுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஷோப்பான் அளவிலான ஒருவர் செலோவுக்கு எட்யூட் எழுதவில்லை என்பது ஒரு காரணம். எழுதியவர்கள் அனைவரும் நாள்தோறும் இசைக்குழுவில் அமர்ந்து வாசித்த ஊழியர்கள் என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1871ஆம் ஆண்டு வரை ஜெர்மனி ஒரு நாடன்று; பல சிற்றரசுகளின் தொகுதி. ட்ரெஸ்டன், வைமார், டெசாவ், மைனிங்கன் என ஒவ்வோர் அரசவையும் தனக்கென ஓர் இசைக்குழுவை வைத்திருந்தது. அதில் இடம்பெற்ற செலோக் கலைஞர் மாலையில் இசைநாடகம், திருநாளில் தேவாலயம், நடுவே நாடக அரங்கின் இடைக்காட்சி இசை என்று உழைத்தார். எஞ்சிய பொழுதில் மாணவருக்குக் கற்பித்தார். நேற்று மாலை இசைக்குழுவில் தம் விரலுக்கு இடர் தந்த ஒரு தொடர், இன்று காலை மாணவனின் பாடமாயிற்று. இவ்வகையில் இந்தப் பயிற்சிகள் ஓர் இசைச்சமூகத்தின் நாட்குறிப்பு எனலாம். வெபரும் வாக்னரும் ட்ரெஸ்டனில் இசைநாடகங்களை நடத்திய காலத்தில், அவர்களின் கோலசைவின் கீழ் அமர்ந்திருந்தவர்கள்தாம் இவற்றை எழுதினார்கள்.

அவர்களுள் மூத்தவர் பிரீட்ரிக் டோட்ஸாவர். 1783இல் ஹெசல்ரீத் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் அவருக்கு இசைக் கோட்பாடு கற்பித்தவர் உள்ளூர்த் தேவாலயத்தின் ஆர்கன் இசைஞர். அவ்விசைஞரின் ஆசிரியர் கிட்டல். கிட்டல் பாஹின் நேர் மாணவர். பாஹிலிருந்து மூன்றாம் தலைமுறை மாணவராகிய இந்த டோட்ஸாவர்தாம் முன்னர்க் குறிப்பிட்ட 1826ஆம் ஆண்டு லைப்சிக் பதிப்பின் பதிப்பாசிரியர். வில்லை எத்திசையில் இழுப்பது, எந்த விரலால் அழுத்துவது என்று அவர் பாஹின் சுரங்களுக்கு இட்ட குறிப்புகளும், தம் சொந்தப் பயிற்சிகளுக்கு இட்ட குறிப்புகளும் ஒரே கையின் வேலை. 'அல்லது பயிற்சிகள்' என்பது டோட்ஸாவரின் செவியில் இழிவுச் சொல்லாக ஒலித்திராது. பயிற்சி என்பது அவருடைய வாழ்வின் தொழில். அதனினும் உயர்ந்த பெயரைப் பாஹுக்குச் சூட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை.

லைப்சிக்கிலிருந்து 1811இல் ட்ரெஸ்டனுக்கு வந்த டோட்ஸாவர் 1850 வரை அங்கே பணியாற்றினார். இசைநாடகம் ஒன்று எழுதினார். அது 1841இல் மேடையேறியது. சிம்பொனிகள் எழுதினார், செலோவுக்குக் கன்செர்ட்டோக்கள் பல எழுதினார். அவற்றை இன்று வாசிப்பார் அரியர். மாணவருக்காக எழுதிய பயிற்சிகளே அவர் பெயரை உயிரோடு வைத்திருக்கின்றன. அவையும் அவர் வகுத்த வடிவில் வழங்கவில்லை. அவருடைய பல்வேறு நூல்களில் சிதறிக் கிடந்தவற்றுள் 113 பயிற்சிகளைத் தேர்ந்து, எளிமையிலிருந்து கடுமைக்கு ஏறும்படி நான்கு பகுதிகளாக அடுக்கித் தந்தவர் ஜொஹானஸ் கிளிங்கன்பெர்க் என்னும் பிற்காலத்தவர். இன்று மாணவர் 'டோட்ஸாவர்' என்று சொல்லும்போது கையில் வைத்திருப்பது கிளிங்கன்பெர்க்கின் டோட்ஸாவரே. தொகுத்தார் பெயரைப் பாடினோர் பெயரோடு சேர்த்துப் போற்றும் மரபு தமிழுக்கு உண்டு. ஐரோப்பிய இசைக் கல்வியில் தொகுத்தவர் பெரும்பாலும் முகப்பின் சிற்றெழுத்தில் மறைந்துவிடுகிறார். அவர் எதை விட்டுவிட்டார் என்ற கேள்வியும் உடன் மறைந்துவிடுகிறது.

டோட்ஸாவரின் தலைமாணவர் பிரீட்ரிக் ஆகஸ்ட் கும்மர். 1797இல் மைனிங்கனில் பிறந்தவர். செலோவில் தேர்ச்சி பெற்றும் இசைக்குழுவில் அக்கருவிக்கு இடம் காலியில்லை என்பதால், ஓபோ என்னும் குழற்கருவியைக் கற்று, 1814இல் ஓபோக் கலைஞராகவே அரசவையில் நுழைந்தார். செலோவுக்கு மாறியது 1817இல். மூச்சால் இசைத்தவர் வில்லால் இசைக்க வந்ததன் தடம் அவருடைய பயிற்சிகளில் தெரிகிறது என்று கொள்வது மிகையாகாது. பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் தொடர் முடிகிறது. வில்லின் நீளத்துக்காகத் தொடரை முறிக்கும் வழக்கம் அவரிடம் குறைவு. 1839இல் வெளிவந்த அவருடைய செலோப் பயிற்றுநூல், 60ஆம் எண் படைப்பு, ட்ரெஸ்டன் மரபின் சட்டநூல் போன்று வழங்கியது. இரைச்சலும் பகட்டும் இல்லாத நிறைந்த ஒலி, அசையாத உடல், தேவையின்றித் தூக்காத விரல் என்பவை அம்மரபின் அடையாளங்கள்.

இம்மரபு கிளைத்த விதம் ஒரு குருபரம்பரைக்கு ஒப்பானது. கும்மரின் மாணவர் பெர்ன்ஹார்ட் கோஸ்மான். வைமாரில் லிஸ்ட்டோடும், பின்னர் மாஸ்கோவிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் பணிபுரிந்தவர். கும்மரின் இன்னொரு மாணவர் ஜூலியஸ் கோல்ட்டர்மான். அவர் பிராக் நகரில் கற்பித்த டேவிட் பாப்பர் பின்னாளில் பேரும் புகழும் பெற்றார். டோட்ஸாவரிடமிருந்து நேரே பிரிந்த கிளையில் டெசாவின் கார்ல் டிரெக்ஸ்லர், அவர் மாணவர் பிரீட்ரிக் க்ரூட்ஸ்மாகர், அவர் மாணவர் எமில் ஹெகர், அவர் மாணவர் ஜூலியஸ் க்ளெங்கல் என்று தொடர் நீளும். க்ளெங்கலிடம் கற்றவர்கள் ஃபாயர்மானும் பியாட்டிகோர்ஸ்கியும். 20ஆம் நூற்றாண்டின் ஒலித்தட்டுகளில் அவர்களைக் கேட்காத செலோச் சுவைஞர் இல்லை. மரத்தின் கனியைச் சுவைத்தவர்கள் வேரின் பெயரை மறந்தார்கள்.

கும்மரின் பயிற்றுநூலைத் திறப்பவர் முதலில் காண்பது ஒரு வியப்பு. பயிற்சி உருப்படிகள் ஒரு வரியில் இல்லை. இரு வரிகளில் அச்சாகியுள்ளன. மேல்வரி மாணவனுக்கு, கீழ்வரி இரண்டாம் செலோவுக்கு, அதாவது ஆசிரியருக்கு. ஹாம்பர்க் நகரில் 1805இல் பிறந்து, பாரிஸ் இசைநாடக அரங்கில் 1837 முதல் 1868 வரை தனிச் செலோ வாசித்த செபாஸ்டியன் லீ எழுதிய 40 எளிய பயிற்சிகளும், 70ஆம் எண் படைப்பு, இவ்வாறே இரண்டாம் செலோவோடு வெளிவந்தன. கையை மேலும் கீழும் நகர்த்தாமல் முதல் நிலையிலேயே வைத்து வாசிக்கும் தொடக்க மாணவருக்கானவை அவை. அத்தகையவருக்குக்கூடத் தனிமை விதிக்கப்படவில்லை.

அந்தக் கீழ்வரியின் பயன் என்ன? செலோவின் விரற்பலகையில் சுரத்தானத்தைக் காட்டும் மெட்டுகள் இல்லை. சுரம் எங்கே இருக்கிறது என்பதை மாணவன் செவியால்தான் கண்டறிய வேண்டும். தனியே வாசிக்கும்போது ஒரு சுரம் சற்றே இறங்கி நின்றால் அவனுக்குத் தெரியாமற் போகலாம். அடியில் ஆசிரியரின் நீண்ட சுரம் ஒலிக்கும்போது பிழை மறைய வழியில்லை. இரு ஒலிகளும் உரசிக்கொள்ளும். ஆசிரியர் வாய்திறந்து 'தவறு' என்று சொல்லவே வேண்டியதில்லை. காலப்பிரமாணமும் அவ்வாறே. மாணவன் ஓடினால் கீழ்க்குரல் அவனை இழுத்துப்பிடிக்கும். தயங்கினால் தாங்கிச் செல்லும். தண்டனையும் தாங்கலும் ஒரே ஒலியில் இருந்தன. மேலும், மாணவன் வாசிக்கும் எளிய மெட்டுக்குக் கீழே சுர இணைவுகள் நிறம் மாறுவதை அவன் உள்ளிருந்தே கேட்டான். முதலாண்டு மாணவனும் அந்த அரைமணி நேரத்துக்கு ஓர் இசைக்குழுவின் உறுப்பினன்.

இந்தக் கீழ்வரிக்கு நேர்ந்த கதிதான் இவ்வரலாற்றின் வேதனையான பகுதி. லீயின் நூன்முகப்பில் இரண்டாம் செலோ என்பதை அடுத்து 'அட் லிபிட்டம்' என்னும் இலத்தீன் தொடர் நின்றது. 'விருப்பம் போல்' என்பது பொருள். ஆசிரியர் உடன் இல்லாத நாளிலும் மாணவன் பயிலட்டும் என்ற கனிவில் இட்ட சலுகை அது. பிற்காலத் தொகுப்பாளர் பலர் அச்சலுகையை அனுமதியாக எடுத்துக்கொண்டனர். காகிதம் மிச்சம், விலை குறைவு, பக்கம் திருப்பும் தொல்லை இல்லை. மேல்வரி மட்டும் எஞ்சியது. உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் அச்சிட்டுவிட்டு, 'இது ஏன் இவ்வளவு வறண்டிருக்கிறது?' என்று கேட்பது போன்றதாயிற்று பின்வந்தோரின் மதிப்பீடு. ஜெர்மானியப் பயிற்சிகள் சுவையற்றவை, இயந்திரத்தனமானவை என்ற குற்றச்சாட்டில் ஒரு பகுதியேனும் இந்த வெட்டினால் விளைந்தது. எல்லாப் பயிற்சிகளும் இரு குரலில் எழுதப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தனிக்குரலுக்கென்றே எழுதப்பட்டவை மிகுதி. அவற்றுள் நல்லவை கீழ்க்குரலைத் தமக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கின்றன. நான்கு தந்திகளிலும் வில் தாவிச் செல்லும் ஒரு பயிற்சியில், அடித்தந்தியில் விழும் சுரங்களை மட்டும் சேர்த்துக் கேட்டால் ஒரு தனி மெட்டு துலங்கும். பாஹின் தொகுதிகளைப் பதிப்பித்த கை அந்த நுட்பத்தைக் கற்றுக்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது.

மீட்டெடுக்கும் ஆர்வத்தில் எல்லாவற்றையும் மாணிக்கம் என்று புகழ்வது நேர்மையாகாது. ஒரே கைவண்ணத்தை இரு பக்கங்களுக்கு மேல் இழுத்துச் செல்லும் சலிப்பு இவர்களிடம் உண்டு. ஆசிரியத் திறன் இருந்த இடத்தில் எப்போதும் இசையுள்ளம் இருக்கவில்லை என்பதற்கு இராபர்ட் எமில் போக்ம்யூல் ஒரு சான்று. செலோவின் விரல்நுட்பத்துக்கென விரிவான பயிற்சிகள் எழுதியவர் அவர். 1850 அக்டோபரில் ஷூமான் தம் செலோக் கன்செர்ட்டோவை இரு வாரங்களில் எழுதி முடித்தார். அதனை அரங்கேற்றுவார் என்று நம்பிப் போக்ம்யூலிடம் ஆலோசனை கேட்டார். அவரோ மாற்றங்கள் கோரினார்; வேகத்தைப் பற்றி வாதிட்டார்; ஆண்டுகள் நகர்ந்தன; அவர் அதனை அரங்கேற்றவே இல்லை. 1854இல் கன்செர்ட்டோ அச்சேறியது. 1856இல் ஷூமான் மறைந்தார். 1860இல்தான் ஓல்டன்பர்க் நகரில் வேறொருவர் அதனை முதன்முதலாக வாசித்தார். ஒரு தொழிலின் நுணுக்கங்கள் அனைத்தையும் அறிந்திருந்தும், கண்ணெதிரே வந்த பெரும்படைப்பு தெரியாமற் போவது புலவர் உலகிலும் நிகழாததன்று.

க்ரூட்ஸ்மாகர் வேறு வகையினர். 1832இல் டெசாவில் பிறந்து, இளமையிலேயே லைப்சிக்கில் முதன்மைச் செலோக் கலைஞராகி, 1860இல் ட்ரெஸ்டனுக்கு அழைக்கப்பட்டவர். அவருடைய 38ஆம் எண் படைப்பு 24 பயிற்சிகள் கொண்டது. அதற்கு அவர் இட்ட பெயர் 'செலோ வாசிப்பின் தொழில்நுட்பவியல்'. நூலுக்கு இதைவிடக் கேடான பெயர் தேடினாலும் கிடைக்காது! தொழிற்புரட்சிக் கால ஜெர்மனியில் 'தொழில்நுட்பவியல்' என்பது பெருமிதச் சொல்லாக இருந்திருக்கும். இன்று அது இசையுள்ளம் படைத்தவரை வாயிலிலேயே திருப்பி அனுப்புகிறது. பெயரைத் தாண்டி உள்ளே செல்பவருக்கு, முதற்பகுதியிலேயே பாடுவதற்குரிய நெடிய மெட்டுகளும், நாடகத்தன்மை வாய்ந்த திருப்பங்களும் காத்திருக்கின்றன.

அதே க்ரூட்ஸ்மாகர் பாஹின் தொகுதிகளை அரங்குக்கு ஏற்றவாறு திருத்துகிறேன் என்று, மூலத்தில் இல்லாத சுரங்களையும் கூட்டொலிகளையும் அணிகளையும் சேர்த்து ஒரு பதிப்பு வெளியிட்டார். காசல்ஸ் கண்டெடுத்த படியும் க்ரூட்ஸ்மாகர் பதிப்பித்தது என்பதே பொதுவாக வழங்கும் செய்தி. ஏட்டில் இல்லாததைச் சேர்க்கும் பதிப்பாசிரியரை மன்னிக்க இயலாது என்று சொல்லிவிடலாம். ஆயினும் அந்தப் பதிப்புகள் இல்லையெனில் அச்சிறுவனின் கைக்கு எதுவும் வந்திராது.

மாணவன் என்றே இதுவரை சொல்லப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துப் பயிற்றுநூல்கள் கருவியை இரு கெண்டைக்கால்களுக்கு இடையே பற்றிக்கொள்ளச் சொல்லுகின்றன. அடியில் ஊன்றும் கம்பி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாயிற்று. அந்த அமர்நிலை பெண்ணுக்குத் தகாது என்று அன்றைய சமூகம் முடிவு கட்டியிருந்தது. பயிற்றுநூல்களும் ஆண்களையே மனத்திற் கொண்டு எழுதப்பட்டன. 1845இல் லீசா கிறிஸ்டியானி என்னும் பிரெஞ்சு இளம்பெண் லைப்சிக்கில் செலோ வாசித்தபோது அது ஒரு நிகழ்ச்சியாயிற்று. மெண்டல்சன் தம் 'சொற்களில்லாப் பாட்டு' ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கினார். நெடிய ரஷ்யப் பயணத்தினிடையே 1853இல் அவர் இளவயதிலேயே மறைந்தார். அரை நூற்றாண்டு கழித்துப் போர்ச்சுகலிலிருந்து கில்ஹெர்மினா சுஜியா லைப்சிக்குக்கு வந்து க்ளெங்கலிடம் பயின்றபோதுதான், டோட்ஸாவர் தொடங்கிய அந்த மரபின் முழு உரிமையும் ஒரு பெண்ணின் கைக்கு வந்து, அவரோடு உலக அரங்குகளுக்குச் சென்றது.

இவ்வளவு செழித்த மரபு எப்படி மங்கியது? கும்மரின் வழிவந்த பாப்பரே அதற்கு ஒரு காரணமானார். 1901 முதல் 1905 வரை அவர் வெளியிட்ட 40 எட்யூட்கள், 73ஆம் எண் படைப்பு, இசைக்கல்லூரிகளின் நிலையான பாடமாயின. வாக்னருக்குப் பின் செலோவின் மீது சுமத்தப்பட்ட கடினங்களை எல்லாம் எதிர்கொள்ளும் வலிமை அவற்றில் இருந்தது. அவற்றுக்கு முன்னர் எழுதப்பட்டவை படிக்கட்டுகளாகத் தோன்றலாயின. படிக்கட்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதே சமயத்தில் காசல்ஸ் பாஹின் தொகுதிகளை அரங்கின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். அதனால் 'பயிற்சி' என்ற பட்டம் பாஹிடமிருந்து நீங்கியது. டோட்ஸாவரிடம் மட்டும் தங்கிவிட்டது.

தொகுப்பு நூல்கள் இன்னொரு காரணம். ஜெர்மனியில் பிறந்து பாஸ்டன் இசைக்குழுவின் முதன்மைச் செலோக் கலைஞராக விளங்கிய ஆல்வின் ஷ்ரோடர் 1916இல் நியூயார்க்கில் '170 அடிப்படைப் பயிற்சிகள்' என்னும் மூன்று பகுதி நூலை வெளியிட்டார். டோட்ஸாவர், கும்மர், லீ, க்ரூட்ஸ்மாகர் முதலியோரின் பயிற்சிகள் தரவரிசையில் கலந்து அதில் இடம்பெற்றன. அமெரிக்கா அடுத்த ஆண்டே ஜெர்மனியோடு போர் தொடுத்தது என்பதை நினைத்தால், அந்நூல் உரிய தருணத்தில் கடல் கடந்த ஒரு பேழை எனலாம். நன்றி பாராட்ட வேண்டிய பணி அது. ஆயினும் ஒரு தொகைநூலின் நன்மை தீமை இரண்டும் அதில் உண்டு. ஓர் ஆசிரியர் தம் நூலில் ஒரு கடும் பயிற்சியை அடுத்து ஓர் இளைப்பாறும் மெட்டை வைத்திருப்பார். அந்த வரிசைக்கு ஒரு மூச்சு உண்டு. தொகுப்பில் அம்மெட்டு ஒரு பக்கமும், கடும் பயிற்சி மற்றொரு பகுதியுமாகப் பிரிந்துபோயின. பாடல் கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை. அந்நூல்களோ அச்சில் இல்லாமற் போயின. 1943 டிசம்பர் 4ஆம் நாள் குண்டுவீச்சில் லைப்சிக்கின் பதிப்பகத் தெருக்கள் எரிந்தன. இசை அச்சின் தலைநகரம் ஒன்று அன்று சாம்பலாயிற்று.

எனினும் பெயர்களேனும் காக்கப்பட்டதற்கு ஒருவரைக் குறிப்பிட வேண்டும். டூசல்டார்ஃபில் ஷூமானின் இசைக்குழுவில் முதல் வயலின் வாசித்த வாசிலியெவ்ஸ்கி 1889இல் செலோவின் வரலாற்றை நூலாக எழுதினார். டோட்ஸாவர், கும்மர், அவர்தம் மாணவர் வரலாறுகளை இன்று எழுதுவோர் பெரும்பாலும் அவர் தோளில் ஏறி நின்றே எழுதுகின்றனர்.

மீட்பு அண்மைக் காலத்தது. 2006இல் தொடங்கிய பெட்ரூச்சி இணைய இசைநூலகம், உரிமைக்காலம் கடந்த பழைய அச்சுப்படிகளைப் பக்கம் பக்கமாக எவரும் காணும்படி செய்தது. ஒரு காலத்தில் ட்ரெஸ்டனுக்கோ லைப்சிக்குக்கோ பயணம் செய்ய வேண்டியிருந்த மாணவர் இன்று வீட்டிலிருந்தே முதற்பதிப்பைப் பார்க்கிறார். தம் கையிலிருக்கும் பாடநூலில் எந்த வரி விடுபட்டது என்பதை ஒப்பிட்டு அறிகிறார். ஆஸ்திரியச் செலோக் கலைஞர் மார்ட்டின் ரும்மல் பழைய எட்யூட் நூல்கள் பலவற்றைப் புதிதாகப் பதிப்பித்ததோடு, பாப்பர், டூப்போர், வியன்னாவின் மெர்க் ஆகியோருடையவற்றை முழுமையாக ஒலிப்பதிவும் செய்தார். ஒலிப்பதிவு என்பது இங்கே சிறிய செய்தியன்று. கேட்கப்படுவதற்காக எழுதப்பட்டவை அல்ல என்று ஒதுக்கப்பட்டவற்றை ஒருவர் கேட்பதற்காக வாசித்துவிட்டார்.

பழைய படிகளை அப்படியே எடுத்து வாசிப்பதில் இடர்களும் உண்டு. அக்காலத்துச் செலோக் குறிப்புகளில், உயர்சுரங்களுக்கான குறியீட்டில் எழுதியதை ஒரு தாயி கீழே வாசிக்க வேண்டிய இடங்கள் உள்ளன. மரபு அறியாதவர் எழுதியவாறே வாசித்து, ஒரு தொடக்கப் பயிற்சியைக் கழுத்து நெரியும் உயரத்தில் இசைக்க முயன்று களைத்துப்போவார். இந்தக் குழப்பத்தைக் களைய முனைந்தவர் அம்மரபின் மூத்தோருள் ஒருவரான பெர்ன்ஹார்ட் ரோம்பெர்க். விரல் எண்களும் விலங்கின் நரம்பாலான தந்திக்கும், ஊன்றுகம்பி இல்லாத அமர்நிலைக்கும் ஏற்றவை. இன்றைய எஃகுத் தந்தியில் அவை சிலசமயம் பொருளற்றவையாகத் தோன்றும். பதிப்பாசிரியர் இவற்றை மாற்றிவிட வேண்டுமா, குறிப்பெழுதி விட்டுவிட வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கீழ்வரியை மீண்டும் அச்சிட வேண்டும் என்பதில் இருக்கலாகாது. லீயின் 40 பயிற்சிகள் இன்று இரண்டாம் செலோவோடு கிடைக்கின்றன. வகுப்பறையில் ஆசிரியரும் ஒரு வில்லை எடுத்து எதிரில் அமர வேண்டியிருக்கிறது.

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. 1853இல் ஷூமான், பாஹின் ஆறு செலோத் தொகுதிகளுக்கும் பியானோத் துணையிசை எழுதினார். தனித்து நின்ற குரலுக்கு ஒரு கீழ்வரி. 19ஆம் நூற்றாண்டின் செவி கேட்ட விதம் அது. அவை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் மறைந்தபின் அவருடைய துணைவியார் கிளாரா, அறிந்தோரின் கருத்தைக் கேட்டு, வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தார். அதே 1853இல் ஷூமான் செலோவுக்கென எழுதிய ஐந்து காதற்பண்களையோ கிளாரா 1893இல் எரித்தேவிட்டார். துணையிசைகளும் அழிந்தன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1981இல் மூன்றாம் தொகுதிக்குரியது மட்டும் வெளிப்பட்டது. 1863ஆம் ஆண்டு அதனைத் தம் கையால் படியெடுத்து வைத்திருந்தவர், கும்மரின் மாணவரும் பாப்பரின் ஆசிரியருமாகிய ஜூலியஸ் கோல்ட்டர்மான். மற்ற ஐந்தும் கிடைக்கவில்லை.